ஊருக்காகப் பொறுத்த மனுசன்

பஸ்தியாம்பிள்ளையைப் பார்க்க வந்த யாரும் வெறுங்கையோடு வரவில்லை. தோடம்பழம் வந்தது, செவ்விளநீர் வந்தது, பிஸ்கட் பெட்டிகள் வந்தன. ஒரு வீட்டார் உயிர்க்கோழியையே கொண்டுவந்து முற்றத்தில் கட்டிவிட்டுப் போனார்கள். தண்ணீரையே கரண்டியால் விழுங்குகிற மனிதனுக்குக் கோழி எதற்கு என்று அவர்களிடம் யார் கேட்பது. கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அண்ணை, சுகம் வரும், யோசியாதேங்கோ" என்று காலைத் தடவிக் கொடுத்து, மாதாவுக்கு ஒரு செபமும் சொல்லிவிட்டு வெளியே வருவார்கள். வந்து அவருடைய மனைவி ஜோசப்பினிடம் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்.

"அக்கா, சனிக்கிழமை தாண்டுமோ?"

முதல் இரண்டு பேர் கேட்டபோது ஜோசப்பின் அதை அன்பு என்றுதான் எடுத்துக்கொண்டாள். மூன்றாவது ஆளும் அதே கிழமையைச் சொல்லிக் கேட்டபோதுதான் விளங்கியது. சனிக்கிழமை கடற்கரை இசை விழா.

நாயாற்றுப் பக்கம் அந்தச் சின்ன ஊரில் எத்தனையோ சண்டை உண்டு. வலையை வெட்டுவார்கள், எல்லைக் கட்டையைப் பிடுங்குவார்கள், கூடப்பிறந்தவனோடு பத்து வருசம் பேசாமல் இருப்பார்கள். ஆனால் ஒரு வழமையை மட்டும் எவனும் மீறினதில்லை. ஊரில் ஒரு உயிர் போனால் கோயிலில் துக்கமணி அடிக்கும். அடித்தால், அடக்கம் முடியும் வரைக்கும் ஒரு றேடியோ கூட வாய் திறக்காது. கலியாண வீடென்றாலும் பாட்டை நிறுத்திவிட்டுத் தாலியைக் கட்டிச் சோற்றைத் தின்றுவிட்டுப் போவார்கள். கரைவலை இழுக்கிறவர்கள் இழுவைப் பாட்டான அம்பாவைப் பாடாமல், வாயை மூடிக்கொண்டு இழுப்பார்கள். ஆகவே மேடை போட்டாகிவிட்ட ஒரு விழா, ஈரல் கெட்டு, பெரியாஸ்பத்திரியே வீட்டுக்கு அனுப்பிவிட்ட ஒரு கிழவனின் மூச்சில் தொங்கிக்கொண்டிருந்தது.

"வருத்தம் பாக்க வருகினமோ, நாள் பாக்க வருகினமோ தெரியேல்லை" என்றாள் ஜோசப்பின், வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற இரஞ்சிதத்திடம்.

"வாற கோழியை வாங்கிக் கட்டு. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒரு முட்டை கூட வராது" என்றாள் இரஞ்சிதம்.

இவர்கள் இரண்டு பேரின் வீடுகளும் கோயில் மைதானத்தை ஒட்டி இருந்தன. விழா தொடங்கிய முதல் வருசம் இரஞ்சிதத்தின் குசினிக் கூரையிலிருந்து ஓடு ஒன்று விழுந்தது. போன வருசம் ஜோசப்பினின் அலுமாரிக் கண்ணாடி பாட்டு முடியும் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. இந்த வருசம் இரஞ்சிதத்தின் மகள் கஜனிக்குப் பரீட்சை. ஜோசப்பின் வீட்டிலோ சாகக் கிடக்கிற மனிதன். இரண்டு பேருமாகப் பங்குத்தந்தையிடம் போய் முறையிட்டு, கோயில் மண்டபத்தில் ஊர்க்கூட்டம் வைக்கச் செய்தார்கள்.

கூட்டத்தில் விழாவுக்காகப் பேசியவன் சுதாகரன். ஊரின் மீனை வாங்கிக் கூலர் லொறியில் ஏற்றுகிறவன், விளையாட்டுக் கழகத் தலைவன், மைக் தேவையில்லாத குரல். அவன் கெட்டவன் இல்லை. அதுதான் ஜோசப்பினுக்கு எரிச்சல்.

"இஞ்ச பிள்ளையளுக்கு என்ன இருக்குச் சொல்லுங்கோ. ஆறு மணிக்கு இருண்டா ஊர் செத்துப்போகுது. மாங்குளத்தில இருந்தும் துணுக்காயில இருந்தும் சனம் எங்கட ஊரைத் தேடி வாறது வருசத்தில ஒருநாள். அண்டைக்கு மட்டும் பிள்ளையள் வெளிச்சத்தில நிக்கட்டும். ஸ்பீக்கர் பொக்ஸைக் கடல் பக்கம் திருப்பி வைக்கிறம். பத்து மணிக்கு முடிக்கிறம். இதுக்கு மேல என்ன செய்ய?"

மண்டபம் தலையாட்டியது. பின்வரிசையில் ஜோசப்பினின் மகன் றொசானும் தலையாட்டினான். அவன்தான் கழகத்துப் பையன்களின் இசைக்குழுவில் பாடுகிறவன். கடலுக்குப் போய்வந்த உப்போடு, கரையில் வலை வைக்கிற வாடிக் கொட்டிலில் உட்கார்ந்து பழகிப் பழகி, இந்த வருசம்தான் கொழும்பிலிருந்து வருகிற குழு ஏறுவதற்கு முன்னால் அவர்களுக்கும் ஒரு பாட்டு கிடைத்திருந்தது. தகப்பன் கரைவலையில் பாடின அம்பாவை வைத்து அவனே கட்டின பாட்டு. தாய் எழும்பப் போகிறாள் என்று தெரிந்ததும் தலையாட்டுவதை நிறுத்தினான்.

ஜோசப்பினுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"அப்ப என்ர மனுசன் செத்தாத்தான் நிப்பாட்டுவியளோ?"

"ஓம் அக்கா" என்றான் சுதாகரன், சிரித்துக்கொண்டு. "மணி அடிச்சா நான்தான் முதல் ஆளா வயரைக் கழட்டுவன். அதுக்கு முதல் இல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். பங்குத்தந்தைகூடச் சிரிப்பை அடக்கினார். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தாங்கவில்லை.

"அப்ப அடிக்கிறன், இருந்து பாருங்கோ" என்றாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே கேட்டது. றொசான் எழும்பி வெளியே போனான். பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அன்றிலிருந்து நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் கட்டிலைப் பார்த்துவிட்டு ஜோசப்பினையும் ஒரு பார்வை பார்த்தார்கள்.

சனிக்கிழமை காலை முழுவதும் மைதானத்தில் சுத்தியல் சத்தமும் "ஹலோ, ஹலோ" சத்தமும்தான். மத்தியானம் பையன்கள் எல்லோரும் சோற்றுப் பார்சலைத் தூக்கிக்கொண்டு மரநிழலுக்குப் போய்விட, ஊரே திடீரென்று அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் பஸ்தியாம்பிள்ளை கண் திறந்தார்.

"காத்து எந்தப் பக்கம்?"

"சோளகம்" என்றாள் ஜோசப்பின்.

அவர் அதை யோசிப்பது போலக் கிடந்தார். கரண்டியில் தண்ணீர் எடுத்து வாயில் விட்டாள். தண்ணீர் ஓரத்தால் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் விட்டாள். அதுவும் வழிந்தது. நெஞ்சில் காது வைத்துக் கேட்டாள். நாற்பது வருசம் பக்கத்தில் படுத்தவளுக்கு அதற்கு மேல் யாரும் வந்து சொல்லத் தேவையில்லை. சத்தத்துக்குப் பயந்து கிழமைக்கணக்காய்ச் சண்டை பிடித்தாளே, அந்த மனிதன் ஒரு சத்தமும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போயிருந்தார்.

அவள் கூந்தலை முடிந்துகொண்டு வெளியே இறங்கினாள். அழவில்லை. முதலில் மணி, பிறகு அழுகை, அதுதான் ஒழுங்கு. மணி கோயிலில் இருந்தது, கோயில் மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. நடுவில் முழு விழாவும் நின்றது.

சாப்பாடு முடிந்து பையன்கள் மறுபடி மேடையில் ஏறியிருந்தார்கள். முல்லைத்தீவிலிருந்து முதல் வான் வந்து சனத்தை இறக்கியது. ஐஸ்கிறீம் வண்டி வந்துவிட்டது. பிள்ளைகள் மேடைக்கு முன்னால் பாய் விரித்து இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஏணியின் உச்சியில் நின்று றொசான் லைற் கட்டினான். எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். தகப்பன் படுத்த நாளிலிருந்து அவன் அப்படிச் சிரித்து அவள் பார்க்கவில்லை. தாயைக் கண்டதும் அந்தச் சிரிப்பு அப்படியே வடிந்தது. வயரைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏணியில் நின்றபடியே அவளை நோக்கி இரண்டு கையையும் கூப்பினான்.

"அம்மா. இண்டைக்கு மட்டும்."

"மணி அடிக்க வாறாவாக்கும்" என்று யாரோ கீழிருந்து சொன்னார்கள். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

ஜோசப்பின் மைதானத்து விளிம்பில் நின்றாள். வாய் திறந்துதான் இருந்தது. இப்போது மணிக்கயிற்றைப் பிடித்தால், சாகிறவரைச் சாகவிட்டுச் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள் என்பார்கள். வானில் வந்து இறங்கினவர்கள் திரும்பிப் போவார்கள். போகிற வழியெல்லாம் அவளுடைய பெயர்தான் போகும். அதுவும் பரவாயில்லை, அவளுக்குப் பெயர் என்ன பெயர். ஆனால் ஏணியில் நிற்கிறவன், தாய் தன்னை வெல்லத்தான் மணி அடித்தாள் என்று சாகும் வரைக்கும் நினைப்பானே. மனிதன் இனி எங்கேயும் போகப் போவதில்லை. பத்து மணி வரைக்கும் பொறுக்கமாட்டாரா. கரைவலைக்கு மீன் வரும் வரை எத்தனை இரவு பொறுத்தவர்.

இதுதான் அவள் விட்ட பிழை. செத்தவருக்கும் பொறுமை உண்டு என்று நினைத்துவிட்டாள்.

"ஏன் அக்கா வந்தனீங்கள்?" என்று சுதாகரன் கேட்டான். குரலில் ஒரு பயம் இருந்தது.

"தண்ணி எடுக்க வந்தனான்."

கையில் குடமும் இல்லை, செம்பும் இல்லை. சுதாகரன் அதைக் கவனிக்கவில்லை. அவனுக்கு வந்த நிம்மதியில் ஓடிப்போய்ப் பெட்டியிலிருந்து குளிர்ந்த தண்ணீர்ப் போத்தல் இரண்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். "அண்ணைக்குக் குடுங்கோ. நாங்கள் கடல் பக்கம்தான் திருப்பி வச்சிருக்கிறம். ஒண்டுக்கும் யோசியாதேங்கோ." செத்த மனிதனுக்கு இரண்டு போத்தல் தண்ணீரோடு அவள் திரும்பி நடந்தாள்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் தான் எதற்குள் வந்து அடைபட்டோம் என்று விளங்கியது. தலைமாட்டில் மெழுகுதிரி கொளுத்த முடியாது. கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்ட முடியாது. நாடியைத் தலையோடு சேர்த்துத் துணியால் கட்ட முடியாது. யாரும் வந்து எட்டிப் பார்த்தால் ஒரு பார்வையில் விளங்கிவிடும். கட்டாவிட்டால் வாய் திறந்தபடி விறைத்துவிடும். துவாயைச் சுருட்டி நாடிக்குக் கீழே வைத்து, போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டாள். அவருடைய கண்களை மூடி, விரலால் பிடித்துக்கொண்டே இருந்தாள். தைலத்தை எடுத்து அறையெல்லாம் மணக்கப் பூசினாள். ஈ வந்தது. விசிறியை எடுத்தாள். ஜெபமாலையைச் சத்தமில்லாமல் உருட்டினாள். நெஞ்சுக்குள் ஒன்று மேலே வந்து வந்து தொண்டையில் முட்டியது. அதை விழுங்கினாள். மறுபடியும் வந்தது. மறுபடியும் விழுங்கினாள்.

பொழுது சாயும்போது றொசான் சேட்டு மாற்ற வந்தான். அவள் வாசலிலேயே சேட்டை நீட்டினாள்.

"அப்பா?"

"இப்பத்தான் கண் அயர்ந்தவர். எழுப்பாதை."

அவன் அறை வாசலில் நின்றபடியே சேட்டின் பொத்தான்களைப் போட்டான். விசிறிக் காற்றில் போர்வை ஓரம் லேசாக ஆடியது. "அப்பா, போட்டு வாறன்" என்று மெதுவாகச் சொன்னான். பிறகு தாயைப் பார்த்து, "கோவமோ?" என்று கேட்டான். அவள் இல்லை என்று தலையசைத்தாள். அவன் படியிலிருந்து குதித்து இறங்கி ஓடினான். கூப்பிடு, இப்பவே கூப்பிடு என்று அவள் மனம் கத்தியது. அவள் கதவைச் சாத்தினாள். மகனை அன்றைக்கு அவள் அப்பனிடமிருந்து களவெடுத்தாள், அப்பனை மகனிடமிருந்து களவெடுத்தாள்.

விழா தொடங்கியது. பெட்டிகளைக் கடல் பக்கம் திருப்பித்தான் வைத்திருந்தார்கள், சொன்ன சொல் தவறவில்லை. சோளகம்தான் அவர்களுடைய கூட்டத்துக்கு வரவில்லை. காற்று அந்தச் சத்தத்தையெல்லாம் வாரிக்கொண்டு வந்து ஜோசப்பினின் வீட்டில் கொட்டியது. சுவர் அதிர்ந்தது, அலுமாரிக் கண்ணாடி நடுங்கியது.

இரஞ்சிதம் பின்கதவால் வந்துவிட்டாள். ஒரு கோப்பையில் கஞ்சி. கேட்காமலே உள்ளே வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

"என்ன மனுசன் அசைவில்லாமல் கிடக்கு?"

"நித்திரை."

"உந்தச் சத்தத்துக்குள்ளையோ? மயங்கிப்போச்சுதோ தெரியாது. கஜனி காதுக்குள்ள பஞ்சை அடைஞ்சுகொண்டு அழுகிறாள். பத்து மணி மட்டும் என்னெண்டு பொறுக்கிறது? நீ இரு. நான் போய்ச் சுதாகரனைக் கூட்டிக்கொண்டு வாறன். வந்து இந்த மனுசனை ஒருக்காப் பாக்கட்டும். பாத்தா நிப்பாட்டுவான்."

அவள் திரும்பிவிட்டாள். ஜோசப்பின் விசிறியை எறிந்துவிட்டுப் பாய்ந்து அவளுடைய கையைப் பிடித்தாள்.

"விடு இரஞ்சிதம். அவர் கேட்டுக்கொண்டு கிடக்கிறார்."

"ஆர்?"

"அவர்தான். மகன் பாடப்போறான் எண்டு சொன்னவர். கேக்கட்டும்."

இரஞ்சிதம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். மண்டபத்தில் எழும்பி நின்று அப்படிக் கத்தினவளா இது. "உனக்கும் மண்டை பிசகிப்போச்சு" என்று சொல்லிவிட்டு, கஞ்சியை மேசையில் வைத்து, மகளைப் பார்க்கப் போய்விட்டாள்.

பிறகு மைக்கில் றொசானின் குரல் வந்தது. வீட்டில் பேசுகிற குரல் இல்லை, பெரிதாகி, வானம் முழுக்க நின்ற குரல்.

"இந்தப் பாட்டு என்ர அப்பாவுக்கு. வருத்தமாக் கிடக்கிறார். உந்தா அந்த லைற் எரியிற வீடுதான். அங்க இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்."

அத்தனை சனமும் தன் வீட்டுப் பக்கம் திரும்பிக் கைதட்டுவது சுவருக்குள்ளால் கேட்டது. ஜோசப்பின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கணவரின் கையை எடுத்துக் கட்டில் சட்டத்தில் வைத்தாள், போர்வைக்கு வெளியே, ஏன் என்று தெரியாமல். பாட்டு தொடங்கியது. அடி விழுந்ததும் இரும்புக் கட்டில் அதிர்ந்தது. சட்டத்தின் மேல் கிடந்த கை அசைந்தது. விரல்கள் துடித்தன, தட்டின, நின்றன, அடுத்த அடிக்கு மறுபடியும் தட்டின. ஒரு கணம் அவள் நம்பிவிட்டாள். "மனுசனே" என்று கூப்பிட்டுவிட்டாள். குனிந்து முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தாள். பாட்டு முடியும் வரைக்கும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள், அசையாமல் இருக்க.

விழா சொன்ன நேரத்துக்கு முடிந்தது. றொசான் வியர்வையில் நனைந்த சேட்டோடு முகமெல்லாம் பல்லாக ஓடிவந்தான். "அப்பா, கேட்டனீங்களோ?" என்று வாசலில் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தான். ஜோசப்பின் நின்றிருந்த நிலையைப் பார்த்து நின்றுவிட்டான்.

"இப்பத்தான் தம்பி" என்றாள் அவள். "இப்பத்தான்."

துக்கமணி அடித்தது. சுதாகரன் வயரைச் சுற்றுவதை விட்டுவிட்டு வந்து முற்றத்தில் தலையில் கைவைத்துக் குந்தினான். பெண்கள் வந்து நிறைந்தார்கள். பெண்சாதி வாய் திறந்தால்தான் மற்றவர்கள் சேர்ந்து அழலாம். எல்லோரும் ஜோசப்பினின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. பொழுது முழுக்க விழுங்கினது எங்கேயோ அடியில் போய் இறுகிவிட்டது. கடைசியில் இரஞ்சிதம்தான் தொடங்கினாள். குளிப்பாட்டுகிற நேரம் ஒருத்தரையும் தொடவிடாமல், "என்ர மனுசனை நான் பாப்பன்" என்று ஜோசப்பின் கதவைச் சாத்திக்கொண்டாள். மடங்காத கைகளைச் சுடுதண்ணீர் விட்டு உருவி உருவி மடக்கினாள். வெளியே நின்றவர்கள் அதை அன்பு என்றார்கள். அழாமல் இருந்ததைக் கல்மனம் என்றார்கள். இரண்டையும் அவள் கேட்டாள்.

அடக்கம் முடிந்து சேமக்காலையிலிருந்து திரும்பும்போதே ஊர் இரண்டாகிவிட்டது.

"பாத்தியளோ, கடைசிப் பாட்டு முடியும் மட்டும் மூச்சைப் பிடிச்சுக்கொண்டிருந்திருக்கிறார்" என்றான் சுதாகரன். "ஊருக்காகப் பொறுத்த மனுசன்." அந்தச் சொல் எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டது. பேத்தி பிறந்ததைச் சொல்வது போலச் சந்தோசமாகச் சொல்லித் திரிந்தார்கள்.

இரஞ்சிதம் மற்றப் பக்கம். "நான் என்ர கண்ணாலை கண்டனான். மனுசன் அசைவில்லாமல் கிடந்தது. அடிச்ச அடியில நெஞ்சு நிண்டுபோச்சு. சத்தம்தான் கொண்டது." இதை அவள் செத்தவீட்டிலேயே, றொசானுக்கு முன்னால் சொன்னாள். "உன்ர பாட்டைக் கேட்டுத்தான் உன்ர அப்பன் போனவர்" என்றும் சொன்னாள். பொலிசுக்குப் போய், இனி அந்த மைதானத்தில் விழாவே வைக்க முடியாமல் செய்வதாகவும் சொன்னாள். அவளோடு இருபது வீடு நின்றது.

றொசான் கடலுக்குப் போவதை விட்டான். வீட்டில் சாப்பிடுவதை விட்டான். வாடியில் வலைக்குவியலின் மேல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தான். சோறு கொண்டுபோன தாயிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"என்ர பாட்டுக்கு முதலோ, பிறகோ?"

அவள் சோற்றை வைத்துவிட்டு வந்தாள். சத்தம் கொல்லவில்லை என்று சொல்லலாம். அவளுக்கு அது மணி அடித்தது போலத் தெளிவாகத் தெரியும். எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். மத்தியானமே போய்விட்டார் என்று சொன்னால், அப்பா போட்டு வாறன் என்று யாரிடம் சொன்னோம், யாருக்காகப் பாடினோம் என்று அவன் யோசிப்பான். ஊரோ பிணத்தை வைத்துக்கொண்டு ஆடவிட்டாளே என்று அவளையும் விடாது, அவனையும் விடாது. பேசாமல் இருந்தால் அவன் அப்பனைக் கொன்றவனாகவே கிடப்பான். எந்தப் பக்கம் போனாலும் கதவு வெளியால் பூட்டியிருந்தது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து அதே மண்டபத்தில் கூட்டம். இரஞ்சிதம் எழும்பித் தான் கண்டதைச் சொன்னாள். சுதாகரன் எழும்பித் தான் நம்பியதைச் சொன்னான். குரல்கள் ஏறின. றொசானை யாரோ கூட்டிவந்து சுவரோடு நிறுத்தியிருந்தார்கள். தாடி வளர்ந்து, கண் குழிவிழுந்து, பிடித்து வந்த கள்ளனைப் போல நின்றான்.

பங்குத்தந்தை கையை உயர்த்தினார். "கூட இருந்தவா ஜோசப்பின்தான். அவா சொல்லட்டும். அந்தச் சத்தம் அவரை வருத்தினதோ இல்லையோ?"

போன முறை அவள் இந்த மண்டபத்தில் வாய் திறந்தபோது நடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. அவள் இரஞ்சிதத்தைப் பார்க்கவில்லை, பங்குத்தந்தையைப் பார்க்கவில்லை. மகனை மட்டும் பார்த்தாள்.

"இரஞ்சிதம் வரேக்க அசைவில்லாமல்தான் கிடந்தவர். அது பொய்யில்லை" என்றாள். "அவள் போனாப்பிறகு தம்பி பாடினவன். பாட்டுத் தொடங்க அவரின்ர கை அசைஞ்சது. கட்டில் சட்டத்தில, இப்பிடி, விரலாலை தட்டினது. ஒவ்வொரு அடிக்கும் தட்டினது. நான் கண்ணாலை கண்டனான். மாதாவாணை."

தன் விரல்களால் கதிரையின் கைப்பிடியில் தட்டிக் காட்டினாள்.

றொசான் சுவரோடு சரிந்து இருந்து, முகத்தை முழங்காலுக்குள் புதைத்து, முப்பத்தொரு நாளும் அழாத அழுகையெல்லாம் அழுதான். பெண்கள் அழுதார்கள். சுதாகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினான்.

"இனி வேற கதையில்லை. வாற வருசத்தில இருந்து விழா அண்ணையின்ர பேரிலதான். பஸ்தியாம்பிள்ளை நினைவு இசை விழா. றொசான்தான் முதல் பாட்டு. ஒரு சோடி பொக்ஸை அக்கா வீட்டுப் பக்கமாகவே திருப்பி வைப்பம். அண்ணை கேட்ட பக்கம். என்ன அக்கா?"

மண்டபம் கைதட்டியது. மகன் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். அந்த முகத்தில் ஒரு மாதத்துக்குப் பிறகு உயிர் வந்திருந்தது.

"ஓம்" என்றாள் ஜோசப்பின்.

இரஞ்சிதம் அன்றோடு வேலிக்கு வருவதை நிறுத்தினாள். சுதாகரன் மட்டும் கிழமைக்கொருக்கால் மீன் கொண்டுவந்து கொடுத்தான். றொசான் கடலுக்குப் போனான், வந்து வீட்டில் சாப்பிட்டான், சாப்பிடும்போது விரலால் கோப்பையில் தட்டினான். "அப்பா இப்பிடியோ தட்டினவர்?" என்று எப்போதாவது கேட்பான். ஓம் என்பாள். பகலில் அவளால் அழ முடியவில்லை, வீட்டில் அவன் இருந்தான். அவன் கடலில் நின்ற இரவுகளில் வேலிக்கு அந்தப் பக்கம் கஜனி படித்துக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் ஒரு பெண் வாய்விட்டு அழுதால் நாலு வீட்டுக்குக் கேட்கும், நாலு வீடும் வந்து ஏன் என்று கேட்கும்.

அடுத்த வருசமும் சோளகம் வீசியது. மேடையில் பஸ்தியாம்பிள்ளையின் பெரிய படம், மாலையோடு. ஜோசப்பினைக் கூட்டிப்போய் விளக்கேற்ற வைத்தார்கள். கழகத்துப் பையன்கள் கறுப்புப் பெட்டிகள் இரண்டை அவள் முற்றத்தைப் பார்த்தபடி நிறுத்தியிருந்தார்கள். விளக்கை ஏற்றிவிட்டு, தலையிடி என்று சொல்லி வீட்டுக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"இது என்ர அப்பாவின்ர பாட்டு" என்றது றொசானின் குரல்.

அடி விழுந்தது. கட்டில் அதிர்ந்தது, வெறும் சட்டம் நடுங்கியது, அலுமாரிக் கண்ணாடி பல்லைக் கடித்தது. ஜோசப்பின் நெஞ்சில் இரண்டு கையாலும் அறைந்துகொண்டு வாயைத் திறந்தாள். ஒரு வருசமாக அடியில் கிடந்தது முழுவதும் மேலே வந்தது. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மத்தியானமே போன மனுசனே, உன்னை நான் மறைச்சு வச்சனே, ஒரு மெழுகுதிரி கொளுத்தேல்லையே என்று, ஊரில் எந்தச் செத்தவீட்டிலும் ஒருத்தியும் அழாத அழுகையை அவள் அழுதாள். வேலிக்கு அந்தப் பக்கம் இரஞ்சிதத்துக்குக் கூட அது கேட்கவில்லை.

பாட்டு முடிவதற்குள் அழுது முடிக்க வேண்டியிருந்தது.